சைக்கிள் ஓடினால் முழங்கால் நோகிறது: குற்றம் வயதிலா, இருக்கையிலா?

வாவிக்கரை வாத்தியார் | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். 2022இல் பெற்றோல் வரிசையில் ஓர் இரவு முழுவதும் நின்று, விடியும் நேரத்தில் "முடிந்துவிட்டது" என்று பலகை தொங்கவிட்டார்கள். அன்றைக்கே கோபத்தில் வாங்கிய சைக்கிள் இது. 28 அங்குலச் சில்லு, கறுப்பு நிறம், கியர் கிடையாது, பின்னால் கரியர். வரிசை போய்விட்டது, சைக்கிள் போகவில்லை. கல்லடியிலிருந்து ஆரையம்பதிக்கு அப்பால் உள்ள பள்ளிக்கூடத்துக்கு ஒரு வழி ஒன்பது கிலோமீற்றர், வாரத்தில் ஐந்து நாட்கள். வயது 47. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்.

ஆறு மாதமாக வலது முழங்கால் நோகிறது. ஓடும்போது கொஞ்சம்தான். வகுப்பில் மாடிப்படி இறங்கும்போதும், கோயிலில் சம்மணமிட்டு இருந்து எழும்பும்போதும் ஆணி அடித்ததுபோல் இருக்கிறது. கச்சான் காற்று வீசும் நாட்களில் இன்னும் மோசம். படம் எடுத்துப் பார்த்த வைத்தியர் எலும்பில் பெரிதாக ஒன்றும் இல்லை, சைக்கிளைக் குறையுங்கள் என்றார். மனைவி விற்றுவிடுங்கள் என்கிறாள். விற்க மனமில்லை. இந்த நோவு வயதால் வந்ததா, சைக்கிளால் வந்ததா? சைக்கிள் என்றால் அதில் எதைத் திருத்துவது?

புளியந்தீவுப் பொடியன் | ஞாயிறு, இரவு 8.52

சேர், விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

இயன்மருத்துவக்காரி | ஞாயிறு, இரவு 9.30

வாத்தியார் அண்ணா, இரண்டு கேள்விகள். நோவு சரியாக எந்த இடத்தில்? ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் முழங்காற்சில்லுக்கு முன்னாலா, பின் மடிப்பிலா, உள்பக்கமா, வெளிப்பக்கமா? இரண்டாவது: இருக்கையில் இருந்தபடியே சைக்கிளை நிறுத்தும்போது உங்கள் பாதம் தரையில் படுகிறதா?

வாவிக்கரை வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.41

முன்னால்தான் மிஸ். சில்லைச் சுற்றியும் அதற்குச் சற்றுக் கீழேயும். பாதம் தரையில் நன்றாகப் படும். இரண்டு பாதமும், குதிக்கால் உட்பட. கடைக்காரர் அப்படித்தான் சரிபார்த்துத் தந்தார்: "இருந்து பாருங்கள் சேர், கால் எட்டுகிறதா?" எட்டியது. காசு கொடுத்தேன்.

இயன்மருத்துவக்காரி | ஞாயிறு, இரவு 10.15

நான் எதிர்பார்த்த பதில். என்னிடம் வருபவர்களில் சைக்கிள் ஓடுபவர்கள் பலருக்கு இதே கதைதான்.

முழங்காலைக் கிணற்றுக் கப்பியாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடையின் முன்தசை கயிறு, முழங்காற்சில்லு அந்தக் கயிற்றிலேயே கோத்த ஒரு துண்டு, தொடையெலும்பின் முனை கப்பி. கால் நீட்டியிருக்கும்போது கயிறு கப்பியில் பட்டும் படாமலும் கிடக்கும். கால் மடங்க மடங்கக் கயிறு கப்பியில் அழுந்தும். நன்றாக மடங்கியிருக்கும்போது பலமாக உதைத்தால், அந்த அழுத்தம் முழுவதும் சில்லின் பின்பக்கத்தில் இறங்கும். இருக்கை பதிவாக, அதாவது தாழ்வாக, இருந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மிஞ்சி மடங்குகிறது, நாம் உதைக்கத் தொடங்குவதும் சரியாக அந்த இடத்தில்தான். படி இறங்கும்போதும் சம்மணத்திலிருந்து எழும்பும்போதும் நோவது இதே அழுத்தத்தால். உங்கள் நோவு தன் முகவரியைத் தானே சொல்கிறது.

பொதுவாக நாங்கள் பார்க்கும் முறை இது. முன்பக்கம் நொந்தால் இருக்கை பதிவு, அல்லது முன்னுக்குத் தள்ளியிருக்கிறது, அல்லது உதைக்கும் பாரம் அதிகம். பின் மடிப்பில் நொந்தால் இருக்கை உயரம் கூட, அல்லது பின்னுக்குப் போய்விட்டது. உள்பக்கம், வெளிப்பக்கம் என்றால் பாதம் பெடலில் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லோருக்கும் இப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் தொடங்குவதற்கு நல்ல இடம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தால், மடக்கிய கால் நிமிராமல் சிக்கிக்கொண்டால், நடக்கும்போது திடீரென்று மடிந்து விழப் பார்த்தால், இரவில் படுத்திருக்கும்போதும் நொந்தால், காய்ச்சலும் சேர்ந்து வந்தால், இருக்கையைத் திருகிக்கொண்டு இங்கே இருக்காதீர்கள். வைத்தியசாலைக்குப் போங்கள்.

கொட்டர்பின் | திங்கள், காலை 6.05

நான் சைக்கிள் திருத்துபவன், களுவாஞ்சிக்குடிப் பக்கம். கடை திறக்குமுன் எழுதுகிறேன்.

சேர், உங்களுக்கு விற்றவரைத் திட்டமாட்டேன், நானும் அப்படித்தான் விற்கிறேன். கால் எட்டாவிட்டால் ஆள் வாங்காமல் போய்விடுவார். ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்த வகைச் சைக்கிளில் கிராங்க் (பெடல் பூட்டியிருக்கும் தண்டு) சுற்றும் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய 29, 30 சென்ரிமீற்றர். கிராங்க் நீளம் 17. ஆகவே பெடல் அடியில் இருக்கும்போதும் தரையிலிருந்து 12 சென்ரிமீற்றர் மேலே நிற்கிறது. அது அரைச் சாணுக்கும் கூட. பெடலில் கால் ஓரளவு நீள வேண்டுமென்றால் தரையில் பாதம் பதியவே முடியாது, பெருவிரல் நுனி தொட்டால் பெரிய காரியம். தரையில் குதிக்கால் பதிகிறது என்றால் உங்கள் இருக்கை பத்துச் சென்ரிமீற்றர் வரை பதிவு என்று அர்த்தம். நிற்பதற்காகச் செய்த உயரத்தில் ஓடுகிறீர்கள்.

உயரம் பார்க்கும் முறை. சைக்கிளை மதிலோடு ஒட்டி நிறுத்துங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போடும் சப்பாத்தையே போடுங்கள், செருப்போடு பார்த்துவிட்டுச் சப்பாத்தோடு ஓடினால் ஒரு சென்ரிமீற்றர் பிழைக்கும். மதிலைப் பிடித்து ஏறி, குதிக்காலைப் பெடலில் வைத்துப் பின்னுக்குச் சுற்றுங்கள். பெடல் அடியில் போகும்போது முழங்கால் நேராக வர வேண்டும், ஆனால் இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. அதுதான் உயரம். பிறகு பாதத்தின் முன்பந்தை, அதாவது விரல்களுக்குப் பின்னால் உள்ள சதைப் பகுதியை, பெடலில் வைத்தால் முழங்காலில் தானாகவே சிறு மடிப்பு வரும். பாகைமானி வைத்து அளப்பவர்கள் 25 முதல் 35 பாகை என்பார்கள். மதிலும் குதிக்காலும் இருந்தால் போதும், பாகைமானி வேண்டாம்.

முக்கியம்: ஒரேயடியாக உயர்த்தாதீர்கள். நாலைந்து நாளைக்கு ஒரு சென்ரிமீற்றர். இவ்வளவு காலம் மடங்கிப் பழகிய தசை ஒரு நாளில் நீளாது.

படுவான்கரைக் கிழவன் | திங்கள், காலை 9.20

தம்பிமார், மகள்மார், கொஞ்சம் பொறுங்கள். எனக்கு 71 வயது. கொக்கட்டிச்சோலையில் இருக்கிறேன். பன்னிரண்டு வயதில் அப்பாவின் சைக்கிளில் பாருக்குக் கீழே காலை நுழைத்து ஓடத் தொடங்கியவன். மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அதற்கு முன் சைக்கிளோடு படகுப் பாதையில் (மிதவையில்) ஏறி வாவியைக் கடந்து போனவன். நெல் மூட்டை கட்டியிருக்கிறேன், மனைவியைக் கரியரிலும் பிள்ளையைப் பாரிலும் ஏற்றி மாமாங்கத் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன். என் இருக்கை ஒரு நாளும் உயர்ந்ததில்லை. இரண்டு காலும் தரையில் படும். முழங்கால் நொந்ததில்லை. இப்போது பாகை என்கிறீர்கள், சென்ரிமீற்றர் என்கிறீர்கள். உடம்பு சோம்பல்பட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

புளியந்தீவுப் பொடியன் | திங்கள், காலை 9.31

ஐயா வந்துவிட்டார். இனி இழை ஓடும்.

இயன்மருத்துவக்காரி | திங்கள், மதியம் 1.10

ஐயா, உங்கள் முழங்காலோடு சண்டை பிடிக்க எனக்குத் துணிவில்லை. ஒன்று கேட்கிறேன். பெடலை எந்த இடத்தால் மிதிக்கிறீர்கள்? விரல் பக்கமா, நடுப்பாதமா?

படுவான்கரைக் கிழவன் | திங்கள், மதியம் 1.45

நடுப்பாதத்தால்தான் மகள். செருப்பு வழுக்கும். நடுவில் வைத்தால்தான் பிடிக்கும்.

இயன்மருத்துவக்காரி | திங்கள், மதியம் 2.02

அப்படியானால் உங்கள் கதையில் பாதி விளங்கிவிட்டது. முன்பந்தால் மிதிப்பவருக்குக் கணுக்காலும் காலின் நீளத்தோடு சேர்கிறது. நடுப்பாதத்தால் மிதிப்பவருக்கு அது சேராது, ஆகவே அவருக்குச் சரியான இருக்கையே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பதிவாகத்தான் இருக்கும். நீங்கள் உங்களுக்குப் பொருந்தியதையே செய்திருக்கிறீர்கள். மீதிப் பாதிக்கு என்னிடம் இரண்டு விளக்கம் உண்டு. பன்னிரண்டு வயதிலிருந்து வயலிலும் சைக்கிளிலும் உழைத்த தொடை உங்களுடையது, நாற்பத்தைந்து வயதில் திடீரென்று நாளுக்குப் பதினெட்டுக் கிலோமீற்றர் ஓடத் தொடங்கிய தொடை வாத்தியாருடையது. அடுத்தது, முழங்கால் நொந்து சைக்கிளை விட்ட உங்கள் கூட்டாளிகள் யாரும் இங்கே வந்து எழுதப்போவதில்லை.

படுவான்கரைக் கிழவன் | திங்கள், மதியம் 2.20

அது உண்மை. இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வீடுவீடாக | திங்கள், இரவு 9.05

நான் செங்கலடிப் பக்கம் குடும்பநல மாதுவாக வேலை செய்கிறேன். கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்க வீடு வீடாகப் போக வேண்டும். பார் இல்லாத லேடீஸ் சைக்கிள், சேலை. எனக்கும் முன்பக்கம்தான் நோவு, இரண்டு காலிலும். மேலே எழுதியதை வாசித்ததும் இருக்கையைப் பார்த்தேன். ஆகப் பதிவில், குழாயே வெளியில் தெரியவில்லை.

ஆனால் அதை உயர்த்தப் பயமாக இருக்கிறது. நூறு யார் தூரத்துக்கு ஒருமுறை இறங்குகிறேன். நாய் குறுக்கே வரும், மாடு படுத்திருக்கும், மணல் ஒழுங்கையில் சில்லு புதையும். கால் எட்டாவிட்டால் ஊர் பார்க்க விழுவேன். விழுந்த மிஸ் என்று பெயர் வந்துவிட்டால் பிறகு யாரும் நான் சொல்லும் இரும்புச் சத்து மாத்திரையைக் குடிக்கமாட்டார்கள்.

கொட்டர்பின் | திங்கள், இரவு 9.50

தங்கச்சி, உயரத்தைப் பற்றிப் பேசும் யாரும் சொல்லாத விசயம் இதுதான். இருக்கையில் இருந்தபடி நிற்கவே கூடாது. சிறுவயதில் பெரிய சைக்கிளில் பழகியவர்களுக்கு இது தெரியும், வளர்ந்த பிறகு மறந்துவிடுகிறோம்.

நிற்க வேண்டும் என்றால் பிரேக் பிடித்து வேகம் குறையும்போது ஒரு பெடலை அடிக்குக் கொண்டு வாருங்கள். இடக்கால் ஊன்றுவீர்கள் என்றால் வலப்பெடல் அடியில். அந்த வலப்பெடலில் எழுந்து நில்லுங்கள், இருக்கையை விட்டு முன்னுக்கு வாருங்கள். உங்கள் சைக்கிளில் பார் இல்லை, ஆகவே உங்களுக்கு இது ஆண்களைவிட இலகு. சைக்கிள் நிற்கும் அதே நேரத்தில் இடக்கால் தரையில். புறப்படுவதும் அப்படியே: மேலே நிற்கும் பெடலில் ஏறி மிதித்துக்கொண்டு இருக்கையில் போய் இருக்க வேண்டும், முதலில் இருந்துவிட்டு உந்தக் கூடாது.

பள்ளிக்கூட மைதானம் ஏதாவது வெறுமையாக இருக்கும் நேரத்தில் இருபது தடவை செய்து பாருங்கள். இருக்கையை உயர்த்துமுன் இதைப் பழகுங்கள். பிறகு வாரத்துக்கு அரைச் சென்ரிமீற்றர் உயர்த்தினால் உங்களுக்கே தெரியாமல் ஏறிவிடும்.

சாய்ந்தமருதுக் காக்கா | செவ்வாய், காலை 7.15

எனக்குக் கியர் சைக்கிள், பதினெட்டுக் கியர். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று வெள்ளிக்கிழமைகளில் சுபஹ் தொழுதுவிட்டு நாலைந்து பேராக ஓடுகிறோம். எனக்கு முழங்காலின் வெளிப்பக்கம் நோகிறது, பதினைந்து கிலோமீற்றர் தாண்டியதும் தொடங்கும். இருக்கை குதிக்கால் முறைப்படி சரி. பாதம் நேராக முன்னோக்கி இருக்க வேண்டும் என்று ஒரு காணொளியில் பார்த்து, பெடலில் பட்டி பூட்டி நேராகவே வைத்திருக்கிறேன். இதில் என்ன பிழை?

இயன்மருத்துவக்காரி | செவ்வாய், மதியம் 12.50

காக்கா, பிழை அந்தப் பட்டிதான் என்று சந்தேகிக்கிறேன். மேசை விளிம்பில் இருந்து காலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். விரல்கள் எந்தத் திசை பார்க்கின்றனவோ அதுதான் உங்கள் பாதத்தின் இயற்கைத் திசை. பலருக்குச் சற்று வெளியே பார்க்கும். அப்படிப்பட்ட பாதத்தை நேராகக் கட்டினால் முறுக்கு முழங்காலுக்குத்தான் போகும். ஒரு மாதம் பட்டியைக் கழற்றிவிட்டு ஓடுங்கள், பாதம் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். இருக்கை சற்று உயர்ந்து இடுப்பு ஆடினாலும் வெளிப்பக்கம் நோகும், பின்னால் வருபவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று: எந்தக் கியரில் ஓடுகிறீர்கள்?

சாய்ந்தமருதுக் காக்கா | செவ்வாய், மதியம் 1.05

ஆகக் கனத்ததில். மற்றவர்கள் பார்க்கிறார்களே.

கொட்டர்பின் | செவ்வாய், மதியம் 1.20

பதினெட்டுக் கியருக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றைப் பாவிக்கிறீர்கள் காக்கா. பதினேழை எனக்கு விற்றுவிடுங்கள்.

வாவிக்கரை வாத்தியார் | இரண்டு வாரங்களின் பின், திங்கள், இரவு 8.10

ஒரு வார அறிக்கை. அதற்கு முன் ஒரு வாக்குமூலம்.

சனிக்கிழமை காலை இருக்கைக் குழாயைக் கழற்றப் பார்த்தேன். அசையவில்லை. கடற்கரையிலிருந்து முந்நூறு மீற்றரில் வீடு. இரும்பு என்ற பெயரில் எது இருந்தாலும் உப்புக் காற்று தின்றுவிடும். கவ்வியின் நட்டைத் தளர்த்தி, இருக்கையை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் முறுக்கினேன். இருக்கை திரும்பியது, குழாய் திரும்பவில்லை. கொட்டர்பின் தம்பிக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். குழாய் சட்டத்துக்குள் நுழையும் விளிம்பில் மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுவதும் வையுங்கள் என்றார். அடுப்படியிலிருந்து தள்ளி வைத்தேன். ஞாயிறு காலை முறுக்கியபோது "கிறீச்" என்று ஒரு சத்தம், செங்கல் நிறத்தில் துருத்தூள் வளையமாக வெளியே வந்து விழுந்தது. வெளியே எடுத்துத் துடைத்து, கிறீஸ் பூசி உள்ளே விட்டேன்.

வாக்குமூலம் இதுதான். ஒரு சென்ரிமீற்றர் என்று சொன்னீர்கள். நான் ஏழரை உயர்த்தினேன். ஆசிரியர்கள் சொல்வார்கள், கேட்கமாட்டார்கள்.

திங்கள், செவ்வாய் சொர்க்கம். முன்பக்க நோவு கால்வாசியாகக் குறைந்தது, பழைய சைக்கிள்தானா என்று கீழே பார்த்தேன். வியாழன் முழங்காலின் பின் மடிப்பில் ஒரு இழுப்பு. வெள்ளி அந்த இழுப்பு நோவாகிவிட்டது. இருக்கையின் விளிம்பு தொடையிடுக்கில் உரசிப் புண்.

இயன்மருத்துவக்காரி | இரண்டு வாரங்களின் பின், திங்கள், இரவு 8.35

யாரையாவது பின்னால் வந்து கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள் அண்ணா. இடுப்பைப் பார்க்க வேண்டும்.

வாவிக்கரை வாத்தியார் | புதன், இரவு 7.30

மகனை அழைத்துக்கொண்டு மாலையில் பழைய கல்லடிப் பாலத்துக்குப் போனேன். (இளைய பிள்ளைகளுக்காக: 1924இல் கட்டிய இரும்புப் பாலம், லேடி மானிங் பாலம் என்றும் பெயர். 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகு இப்போதுதான் அதில் ஆறுதலாகப் போக முடிகிறது.) காற்று வாங்க வந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க, அவன் பின்னால் ஓடிவந்து எடுத்தான்.

பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு வலமும் இடமும் தாழ்ந்து எழும்புகிறது, வாத்து நடப்பதுபோல். பெடலின் அடியை எட்டிப் பிடிக்கக் கால் போதவில்லை. ஒன்றரைச் சென்ரிமீற்றர் இறக்கினேன். மீண்டும் எடுத்தான். இடுப்பு அசையவில்லை. பழைய உயரத்திலிருந்து ஆறு சென்ரிமீற்றரில் நிற்கிறது. மகளின் சிவப்பு நகப்பூச்சை வாங்கிக் குழாயில் ஒரு கோடு போட்டுவிட்டேன்.

காணொளியில் ஒரு சத்தமும் கேட்டது. வலக்கால் கீழே போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு "டொக்". ஓடும்போது காற்றில் எனக்குக் கேட்டதில்லை.

கொட்டர்பின் | புதன், இரவு 8.00

சேர், என் பெயரை வாசித்துவிட்டு அந்த "டொக்"கை யோசியுங்கள்.

கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் ஆப்புதான் கொட்டர் பின். அது தேய்ந்தால் மிதிக்கும்போது கிராங்க் ஒரு நூல் அளவு சும்மா போய்ப் பிறகு பிடிக்கும். காலுக்கு அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு. உங்கள் வலக்கால் நோவுக்கு அதுவே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் நோகும் காலுக்கு அது நல்லதும் செய்யாது. இடக்கிராங்கைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு வலக்கிராங்கை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஆப்பை மாற்ற வேண்டும். நட்டை மட்டும் இறுக்கி விடாதீர்கள், தேய்ந்த ஆப்பை நட்டு காப்பாற்றாது. அப்படியே பெடலையும் சுற்றிப் பாருங்கள். விழுந்த சைக்கிளில் பெடல் அச்சு வளைந்திருக்கும், பாதம் ஒவ்வொரு சுற்றிலும் கோணும், அதையும் முழங்கால்தான் வாங்கும்.

ஞாயிறு கொண்டு வாருங்கள்.

படுவான்கரைக் கிழவன் | புதன், இரவு 8.25

கொட்டர் பின் அடிக்கும்போது கிராங்குக்குக் கீழே முட்டுக் கொடுக்காமல் அடித்தால் உள்ளே போல்ஸ் (இரும்புக் குண்டுகள்) ஓடும் கிண்ணம் பழுதாகும். ஒரு துண்டு இரும்புக் குழாயைக் கீழே நிறுத்திவிட்டு அடிக்க வேண்டும். இது எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

கொட்டர்பின் | புதன், இரவு 8.31

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

வாவிக்கரை வாத்தியார் | ஞாயிறு, மாலை 5.40

களுவாஞ்சிக்குடிக்குப் போய் வந்தேன் (பஸ்ஸில் அல்ல). தம்பி கொட்டர் பின்னை வெளியே எடுத்துக் கையில் தந்தார். தட்டையாக இருக்க வேண்டிய முகத்தில் ஒரு படி விழுந்திருக்கிறது, நகத்தால் தடவினால் தடக்குகிறது. புதியது போட்டார்.

இருக்கை முன்னுக்கா பின்னுக்கா என்று கேட்டேன். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டு ஆக்கினார். கிராங்க் இரண்டையும் தரைக்குச் சமாந்தரமாக வைத்து, முன்கால் முழங்காற்சில்லுக்குக் கீழே உள்ள எலும்புப் புடைப்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டார். பெடல் அச்சுக்கு ஒரு விரல் பின்னால் விழுந்தது. "விடுங்கள்" என்றார்.

கொட்டர்பின் | ஞாயிறு, மாலை 6.15

மற்றவர்களுக்காகக் காரணத்தை எழுதுகிறேன். நூல் அச்சுக்கு நேரே விழ வேண்டும் என்பது தொடங்குவதற்கான குறிதான், சட்டம் அல்ல. இந்தப் பழைய மாதிரிச் சைக்கிளில் இருக்கைக் குழாய் நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். ஆகவே உயர்த்தினால் இருக்கை பின்னுக்கும் போகும். சேர் ஆறு உயர்த்தியபோது ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் தானாகவே பின்னுக்குப் போயிருக்கிறது. இதற்காகத்தான் முதலில் உயரம், பிறகு முன்பின் என்கிறோம். நிமிர்ந்து இருந்து ஓடும் சைக்கிளுக்கு ஒரு விரல் பின்னால் இருப்பது குறையல்ல.

யாருக்காவது மிகவும் முன்னால் இருந்தால்: இருக்கையின் அடியில் உள்ள கவ்வியைப் பாருங்கள். போல்ட் குழாய்க்கு முன்னால் இருக்கும்படியும் பூட்டலாம், திருப்பிப் பின்னால் இருக்கும்படியும் பூட்டலாம். திருப்பினாலே நாலைந்து சென்ரிமீற்றர் மாறும். பல சைக்கிள்களில் இது பிழையாகப் பூட்டப்பட்டே கடைக்கு வருகிறது. இரண்டு பக்க நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், இருக்கை மட்டமாக நிற்கட்டும். இருக்கையின் மூக்கு மேலே பார்த்தால் தொடையிடுக்கு மரத்துப்போகும், கீழே பார்த்தால் பாரம் முழுவதும் மணிக்கட்டுக்கு வரும்.

குழாயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் ஆகக்கூடிய உயரத்துக்கு ஒரு கோடு வெட்டியிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. கோடே இல்லாவிட்டால் ஆறரைச் சென்ரிமீற்றராவது சட்டத்துக்குள் இருக்க வேண்டும். போதாவிட்டால் நீளக் குழாய் வாங்குங்கள், பழையதைக் கையில் கொண்டு போங்கள், தடிப்பு சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும்.

இன்னொரு வேலையும் செய்தேன். சேரின் சைக்கிளில் செயின் ஓடும் பல்சக்கரத்தில் முன்னால் 44 பல், பின்னால் 18. பெடல் ஒரு சுற்றுக்கு 5.4 மீற்றர் போகும். 15 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு 46 சுற்றுத்தான் வரும், ஒவ்வொன்றும் கனமான உதை. எதிர்க்காற்றில் அது முப்பதுக்கு இறங்கிவிடும், பிறகு எழுந்து நின்று உதைக்க வேண்டும். பின்னால் 22 பல் பிரீவீல் (பின்சில்லின் பல்சக்கரம்) போட்டேன். இப்போது ஒரு சுற்றுக்கு 4.4 மீற்றர், அதே வேகத்துக்கு 57 சுற்று. உதை இலேசு, எண்ணிக்கை கூட. செயினில் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டிவந்தது.

புளியந்தீவுப் பொடியன் | ஞாயிறு, மாலை 6.40

அப்படியென்றால் சேர் விற்கமாட்டார்.

வாவிக்கரை வாத்தியார் | மூன்று வாரங்களின் பின், இரவு 8.00

விற்கமாட்டேன் தம்பி.

கணக்கு வாத்தியார் என்பதால் ஒன்றைக் கணக்கிட்டேன். பழைய பல்லில் ஒன்பது கிலோமீற்றருக்கு ஒவ்வொரு முழங்காலும் 1,600 தடவைக்கு மேல் மடங்கி நிமிர்ந்திருக்கிறது. போகவும் வரவும் 3,300. ஆறு சென்ரிமீற்றர் பதிவில், தேய்ந்த ஆப்போடு. நோகாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

இப்போது படி இறங்கும்போது நோவு இல்லை. சம்மணத்திலிருந்து எழும்பும்போது கொஞ்சம் இருக்கிறது, மிஸ் தனியாகச் சொன்ன தொடைப் பயிற்சியைச் செய்கிறேன், சில நாள் மறக்கிறேன். புதிய குறைகளும் உண்டு. ஹாண்டில் எட்டமாகிவிட்டது, தோள் இறுகுகிறது, அதை ஒன்றரை அங்குலம் உயர்த்த வேண்டும். கச்சான் சாய்வாக முகத்தில் அடிக்கும்போது கால் சிலந்திபோல் சுற்றுகிறது, மாணவர்கள் என்னை முந்திக்கொண்டு போய் "குட்மோர்னிங் சேர்" என்கிறார்கள். சென்ற வெள்ளி மகன் கடைக்குப் போக எடுத்து, தன் உயரத்துக்கு இறக்கிவிட்டு அப்படியே வைத்துவிட்டான். ஐம்பது யார் போனதும் முழங்கால் சொல்லிவிட்டது. நகப்பூச்சுக் கோடு காப்பாற்றியது.

வீடுவீடாக | மூன்று வாரங்களின் பின், இரவு 8.45

எனக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது. ஏறாவூரில் ஒரு சந்தியில் ஆடு குறுக்கே வந்தது. இருக்கையை விட்டு முன்னுக்கு வந்து நின்றேன், விழவில்லை, சேலை மட்டும் செயின் உறையில் கொஞ்சம் கிழிந்தது. இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் இருக்கிறது, ஆறுதலாக ஏற்றுகிறேன்.

சாய்ந்தமருதுக் காக்கா | மூன்று வாரங்களின் பின், இரவு 9.10

பட்டியைக் கழற்றிவிட்டேன். பாதம் வெளியே பார்க்கிறது, வாப்பா நடப்பதுபோலவே. 20 கிலோமீற்றர் வரை நோவு இல்லை. கியரை இலேசாக்கியதில் கடைசியாகப் போகிறேன், அது வேறு வருத்தம். இடப்பெடலைக் கழற்றப் பார்த்தேன், ஸ்பனர் வழுக்குகிறது, அசையவே இல்லை.

கொட்டர்பின் | மூன்று வாரங்களின் பின், இரவு 9.14

காக்கா, இடப்பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திருப்பினால் கழலும். இதுவரை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

படுவான்கரைக் கிழவன் | மூன்று வாரங்களின் பின், இரவு 10.30

கொட்டர்பின் தம்பி, அந்த மண்ணெண்ணெயை எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று சொன்னீர்கள்? பேத்தியின் சைக்கிளுக்குக் கேட்கிறேன்.

கொட்டர்பின் | மூன்று வாரங்களின் பின், இரவு 10.33

ஓர் இரவு, ஐயா. முப்பது வருடம் அசையாத குழாய் என்றால் இரண்டு இரவு.